முறைப்பாட்டுக் கடிதத்தில 'ஹுட்விங்க்' எண்டு எழுதலாமோ?

தட்டச்சுக்கடை (கச்சேரியடி)

எல்லாருக்கும் வணக்கம். கண்டி வீதியில, கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) கிட்ட ஒரு சின்னத் தட்டச்சுக் கடை வைச்சிருக்கிறன். பேருக்குத்தான் தட்டச்சு. போட்டோக்கொப்பி, லமினேட்டிங், பாஸ்போட் படிவம் நிரப்புறது, கடிதம் எழுதிக் குடுக்கிறது எல்லாம் அதுக்குள்ளதான். இங்கிலீஷ் கடிதமும் எழுதுவன். பள்ளிக்கூடத்தில படிச்ச இங்கிலீஷ் பாதி, கடைக்கு வாற கடுதாசியளைப் பாத்துப் பாத்து வந்தது பாதி. வழமையாச் சமாளிச்சுப் போடுவன், இந்த முறை ஒரு சொல்லில இறுகிப் போய் நிக்கிறன்.

கரவெட்டிப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தவா. இளைய மகனைப் போலந்துக்கு அனுப்புறன், ஃபக்டரி வேலை, சாப்பாடும் தங்க இடமும் அவையே தருவினம் எண்டு சொல்லி ஒராள் காசு வாங்கியிருக்கிறார். ஏஜென்சி எண்டும் சொல்லேலாது. ஒரு மேசை, ரெண்டு கதிரை, சுவரில ஒரு உலகப் படம், அவ்வளவுதானாம். அம்மா காப்பையும் சங்கிலியையும் அடகு வைச்சுக் குடுத்தது கொஞ்சம். கனடாவில இருக்கிற மூத்த மகன் அங்கத்தைய பாங்கால அனுப்பினது மிச்சம். பிறகு வீசா எண்டு ஒரு படம் வட்ஸ்அப்பில வந்திருக்கு. விசயம் தெரிஞ்ச ஆக்களிட்டக் காட்ட, இது வீசாவே இல்லை எண்டு சொல்லிப்போட்டினம். இப்ப போன் அடிச்சால் எடுக்க ஆளில்லை. போய்ப் பாத்தால் மேசையும் இல்லை, கதிரையும் இல்லை. உலகப் படம் மட்டும் சுவரில கிடக்காம்.

இங்க பொலிசுக்குத் தமிழில முறைப்பாடு எழுதியாச்சு. இங்கிலீஷ் கடிதம் கனடா பாங்குக்கு. அதை அம்மாவின்ர பேரில எழுதித் தரச் சொல்லி மூத்தவர் அங்கயிருந்து ஒரு மாதிரிக் கடிதமும் அனுப்பியிருக்கிறார். முதல் வரியே 'ஐ வாஸ் ஹுட்விங்க்ட் பை திஸ் மேன்'. அதை மாத்த வேண்டாம், அதுதான் பலமான சொல் எண்டு வொய்ஸ் மெசேஜும் போட்டிருக்கிறார். அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. சொப்பின் பைக்குள்ள கடுதாசியெல்லாம் சுத்திக்கொண்டு வந்து கதிரையில இருந்தவா, ஒண்டுதான் சொன்னவா: "பிள்ளை, அவன் எங்களைப் பேய்க்காட்டிப் போட்டான். அதை வடிவா எழுது."

பேய்க்காட்டினதுக்கு ஹுட்விங்க் சரியோ? எனக்கு அந்தச் சொல்லைப் பாக்கவே ஒரு பகிடிச் சொல் மாதிரிக் கிடக்கு. இங்கிலீஷ் பேப்பரில தலைப்புகளில கண்டிருக்கிறன், கடிதத்தில கண்டதில்லை. சீட், டிசீவ், ஹுட்விங்க் மூண்டுக்கும் வித்தியாசம் என்ன, எதை எங்க போடுறது எண்டு ஆராவது சொல்லுங்கோ. அம்மா திரும்பவும் வருவா, அதுக்கு முதல் அடிச்சு வைக்க வேணும்.

நல்லூர் பெடியன்

அக்கா, ஏன் இவ்வளவு யோசிக்கிறியள்? ஹுட்விங்க் எல்லாம் ஆருக்கு விளங்கப் போகுது. 'ஹீ சீட்டட் ஒன் மீ' எண்டு போட்டு முடியுங்கோ. நாங்கள் தமிழிலயே சீட்டிங் எண்டுதானே சொல்லுறம்.

பழைய இங்கிலீஷ் வாத்தி

தம்பி நல்லூர், நீர் சொன்ன மாதிரி எழுதினால் அந்த அம்மாவுக்கும் ஏஜென்சிக்காரனுக்கும் காதல் எண்டு கனடா பாங்கில நினைப்பினம். 'சீட் ஒன்' எண்டால் கட்டினவருக்கோ காதலிக்கோ தெரியாமல் இன்னொராளோட தொடர்பு வைக்கிறது. 'ஒன்' ஐத் தூக்கி எறிஞ்சுபோட்டு 'ஹீ சீட்டட் மீ' எண்டால்தான் காசுக் கதை. ஒரு சின்னச் சொல், குடும்பத்தையே குழப்பிப் போடும்.

கடைக்காரப் பிள்ளைக்கு இனி வாறன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தும் சிவப்புப் பேனை கையை விட்டுப் போகேல்லை.

ஹுட் எண்டால் தலையையும் முகத்தையும் மூடுற துணி. விங்க் எண்டால் இப்ப ஒற்றைக் கண்ணைச் சிமிட்டுறது. பழைய இங்கிலீஷில அப்பிடியில்லை, ரெண்டு கண்ணையும் மூடுறதுதான் விங்க். குட்டித் தூக்கத்துக்கு இண்டைக்கும் 'ஃபோர்ட்டி விங்க்ஸ்' எண்டு சொல்லுறது அந்தப் பழைய கருத்தின்ர மிச்சம். ஆக, ஹுட்விங்க் 16ஆம் நூற்றாண்டில வரேக்க அதின்ர கருத்து ஒராளின்ர கண்ணைத் துணியால கட்டிவிடுறது, வேறொண்டுமில்லை. ஷேக்ஸ்பியரின்ர 'ஆல்ஸ் வெல் தட் என்ட்ஸ் வெல்' நாடகத்தில பரோல்ஸ் எண்டு ஒரு வாய்ச்சவடால் காரன் வருவான். அவனைச் சொந்தப் படையாக்களே எதிரிப்படை மாதிரி நடிச்சுப் பிடிச்சு, கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விசாரிப்பினம். அவன் பயத்தில தன்ர படையின்ர ரகசியம் எல்லாத்தையும் கொட்டுவான். அந்தக் கண்கட்டுக்கு அங்க வாற சொல் ஹுட்விங்க்தான். கண்ணைக் கட்டினதும் அங்கதான், ஆளைப் பேய்க்காட்டினதும் அங்கதான். காலம் போகப் போகத் துணி கழண்டு விழுந்திட்டுது, பேய்க்காட்டினது மட்டும் சொல்லில தங்கிப் போச்சு.

இதை ஏன் இழுக்கிறன் எண்டால், அந்தச் சொல்லின்ர சுபாவம் இன்னும் மாறேல்லை. அதில முக்கியம் பாக்க வேண்டிய ஆள் பாக்காமல் போனது. எவ்வளவு போச்சு, என்ன போச்சு எண்ட கதை அதுக்குள்ள இல்லை. எங்கட பேப்பர்காரர் 'அதிகாரிகளின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு' எண்டு எழுதுவினமே, அதுதான் ஹுட்விங்க். சுங்க அதிகாரியை ஹுட்விங்க் பண்ணலாம், கணக்குப் பாக்க வந்தவரைப் பண்ணலாம், வாக்காளரைப் பண்ணலாம். கொழும்பு இங்கிலீஷ் பேப்பரில எதிர்க்கட்சி அறிக்கை எண்டாலே 'அரசாங்கம் மக்களை ஹுட்விங்க் பண்ணப் பாக்குது' எண்டு ஒரு வரி கிடக்கும். ஆட்சி மாறினால் வரி மாறாது, சொல்லுற ஆள்தான் மாறுவார்.

பாவிக்கிற முறை: அதுக்குப் பின்னால நேராய் ஆள் வர வேணும். காசை ஹுட்விங்க் பண்ணேலாது, ஆளைத்தான் பண்ணலாம். என்ன செய்ய வைச்சான் எண்டு சொல்லுறதெண்டால் 'இன்டு' போட்டு, வினையை '-இங்' ஆக்க வேணும்: 'ஹீ ஹுட்விங்க்ட் மை மதர் இன்டு பேயிங் த மணி'. 'டு பே' எண்டு எழுதினால் பிழை. எங்கட பிள்ளையள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத்தான் எழுதுவினம். 'ஐ வாஸ் ஹுட்விங்க்ட்' எண்டு செயப்பாட்டுவினையில வாறதும் நிறைய. அந்த அளவில மூத்தவரின்ர வசனத்தில இலக்கணப் பிழை ஒண்டுமில்லை.

ஆனால் இந்தக் கடிதத்துக்கு நான் அதைப் போட மாட்டன். உமக்குப் பகிடிச் சொல் மாதிரிக் கிடந்தது எண்டீரே, காது சரியாத்தான் கேட்டிருக்கு. அதில ஒரு மெல்லிய நக்கல் இருக்கு. பேய்க்காட்டினவனைக் கெட்டிக்காரனாயும் பேய்ப்பட்ட ஆளைக் கொஞ்சம் மொக்கனாயும் காட்டுற சொல் அது. மற்றவனைப் பற்றி எழுதேக்க நல்லா இருக்கும். நகையை அடகு வைச்ச ஒரு அம்மா தன்னைப் பற்றி எழுதேக்க அந்தத் தொனி ஏன்?

டிசீவ் அகலமான சொல். பொய்யை நம்ப வைச்சால் சரி, காசு போக வேணுமெண்டில்லை. ஒராள் தன்னைத் தானே டிசீவ் பண்ணலாம், வெளித்தோற்றமும் ஆளை டிசீவ் பண்ணலாம். சீட் எண்டால் ஒண்டில் ஆருக்கோ உரியது பறிபோக வேணும், இல்லாட்டி விதியை மீறி விளையாட வேணும். 'சீட்டட் ஹெர் அவுட் ஒஃப் ஹெர் மணி' எண்டால் காசைப் பறிச்ச கதை வெட்டவெளிச்சம். சீட் எண்ட சொல்லுக்கே ஒரு பழைய காணிக் கதை இருக்கு. வாரிசில்லாத காணி அரசனுக்குத் திரும்பிப் போறதை 'எஸ்சீட்' எண்டு சொல்லுவினம். அதைப் பொறுப்பெடுக்கப் போன உத்தியோகத்தர் செய்த திருகுதாளத்தாலதான் அந்தச் சொல் தலையை வெட்டிக்கொண்டு 'சீட்' ஆகிக் கெட்ட பேரும் வாங்கினது. காணிக் கந்தோருக்கு அலைஞ்ச எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

உமது ஏஜென்சிக்காரனுக்கு அச்சொட்டான சொல் உண்மையில 'கோன்'. 'கொன்ஃபிடன்ஸ்' எண்டதின்ர குறுக்கம். 1849இல நியூயோர்க்கில வில்லியம் தொம்சன் எண்டு ஒருவன் பிடிபட்டவன். நல்ல உடுப்போட வந்து, முன்பின் தெரியாத ஆக்களோடயும் பழகின ஆள் மாதிரிக் கதைச்சு, உங்கட மணிக்கூட்டை நாளைக்கு வரைக்கும் என்னட்டத் தர நம்பிக்கை இருக்கோ எண்டு கேப்பானாம். குடுத்தவையும் இருந்தினம்! பேப்பர்காரர் அவனுக்கு 'கொன்ஃபிடன்ஸ் மேன்' எண்டு பேர் வைச்சினம். ஆனால் கோன் வாய்ப்பேச்சுச் சொல், கடிதத்துக்கு ஆகாது.

நீர் 'டிசீவ்ட்' போடும், 'இன்டு' வோட. சட்டக் கதை தெரிஞ்ச ஆக்கள் வந்து திருத்தட்டும்.

கோட்டடிக் கிளாக்

வாத்தியார் சொன்னதுக்கு மேல சட்டப் பக்கத்தால கொஞ்சம் சொல்லுறன். நான் சட்டத்தரணி இல்லை, ஒரு சட்டத்தரணியிட்டக் கிளாக். கோப்பு தூக்கித் தூக்கி வந்த அறிவுதான்.

எங்கட தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுச் சட்டம். அதில 398ஆம் பிரிவில சீட்டிங் எண்டால் என்ன எண்டு சொல்லியிருக்கு. தங்கச்சி கேட்ட ரெண்டு சொல்லும் அந்த ஒரு வசனத்துக்குள்ளயே கிடக்கு. ஒராளை டிசீவ் பண்ணி, அதால அவர் தன்ர சொத்தைக் குடுக்கும்படி நேர்மையில்லாமல் தூண்டினால் அது சீட். அதாவது டிசீவ் வழி, சீட் குற்றம். வெறும் பொய் மட்டும் சொன்னால் டிசீவோட நிண்டிடும். அந்தப் பொய்யை நம்பி அம்மா காசைத் தூக்கிக் குடுத்தா பாருங்கோ, அங்கதான் அது சீட்டிங் ஆகுது. அப்பிடி ஏமாத்திச் சொத்தை வாங்கினதுக்குத் தண்டனை 403ஆம் பிரிவு, 7 வருஷம் வரைக்கும் மறியல், தண்டமும் சேரும். படம் பாத்துப் பாத்து நாங்கள் ஆளை '420' எண்டு ஏசுறது இந்தியச் சட்டத்தின்ர இலக்கம். அங்கயும் 2024இல புதுச் சட்டம் வந்து இலக்கம் மாறிப் போச்சு, எங்கட வாய்தான் இன்னும் மாறேல்லை.

ஹுட்விங்க் எந்தப் பிரிவிலயும் இல்லை, ஆனபடியால் அதை விடுங்கோ. ஆனால் எனக்குச் சொல்லை விட வேறொரு கவலை இருக்கு. இப்பிடியான வழக்குகளில எதிராளி வழமையாச் சொல்லுறது: 'ஓம், காசு வாங்கினது உண்மை, அனுப்பத்தான் இருந்தன், அலுவல் சரிவரேல்லை, திருப்பிக் குடுப்பன்.' அப்பிடி எண்டால் அது வெறும் கடன் பிரச்சினை, மாவட்ட நீதிமன்றத்தில போய்க் கேளுங்கோ எண்டு கை கழுவப் பாப்பினம். சீட்டிங் எண்டு நிக்க வேணுமெண்டால், காசு வாங்கேக்கையே ஏமாத்துற எண்ணம் இருந்தது எண்டு தெரிய வேணும். அதுக்குப் பலமான சொல் உதவாது. ஆள் என்ன சொன்னவர், எந்தத் திகதியில சொன்னவர், ஆர் பக்கத்தில நிண்டது, அதை நம்பி எவ்வளவு குடுத்தது, சொன்னதில எது பொய் எண்டு பிறகு எப்பிடித் தெரியவந்தது, இதுகள்தான் வேணும். 'படுபாவி', 'மோசக்காரன்' எல்லாம் வெட்டி எறியுங்கோ.

பற்றுச்சீட்டு ஏதும் குடுத்தவரோ? குடுத்திருந்தால் அதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.

மற்றது, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புறதுக்கு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர அனுமதிப்பத்திரம் இருக்க வேணும், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி. அது இல்லாமல் காசு வாங்கினதே தனிக் குற்றம். அனுமதி உள்ள முகவர் ஆர் எண்டு பணியகத்தின்ர இணையத்தளத்தில பாக்கலாம். பொலிசோட நிக்காமல் அங்கயும் ஒரு முறைப்பாடு போடச் சொல்லுங்கோ. அதையும் தமிழில எழுதலாம். 1987இல 13ஆம் திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி. இங்கிலீஷில எழுதினால்தான் எடுபடும் எண்டு கடையளில சொல்லுறதை நம்பாதேங்கோ (உங்கட கடையைச் சொல்லேல்லை).

தட்டச்சுக்கடை (கச்சேரியடி)

சேர், வாசிக்க வாசிக்கச் சிரிப்பும் வந்தது, விளங்கவும் செய்தது. 'இன்டு பேயிங்' எண்டதை மேசைக் கண்ணாடிக்குக் கீழ எழுதி வைச்சிட்டன்.

கிளாக் அண்ணை, நீங்கள் கேட்ட பிறகுதான் அம்மாவின்ர பையை வடிவாக் கிளறிப் பாத்தன். இண்டைக்கு வந்திருந்தவா. பற்றுச்சீட்டு எண்டு ஒண்டுமில்லை. சீ.ஆர். கொப்பியில கிழிச்ச ஒரு தாள் இருக்கு. கிழிச்ச பக்கம் அரைவாசி பிஞ்சு கிடக்கு. நீல மையில நல்ல உருண்டை எழுத்து. கீழ முத்திரை ஒட்டி, அதுக்கு மேலால கையொப்பம். தொகையை இலக்கத்தில மட்டும் எழுதியிருக்கு, எழுத்தில இல்லை. வசனம் இதுதான்: 'மேற்படி தொகையைக் கைமாற்றாகப் பெற்றுக்கொண்டேன்.' போலந்து எண்ட பேச்சே இல்லை. வீசா எண்ட பேச்சும் இல்லை.

நான் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். "நான் முத்திரையைத்தான் பிள்ளை பாத்தனான்" எண்டா. முத்திரை ஒட்டிக் கையொப்பம் வைச்சால் அது கோடு வரைக்கும் செல்லும் எண்டு ஆள் சொன்னதாம். சொன்னதில பொய்யும் இல்லை, அதுதான் எரிச்சல். இவ்வளவு வடிவா முன்கூட்டியே யோசிச்சு எழுதியிருக்கிறார்.

இப்ப என்ன செய்யிறது?

கோட்டடிக் கிளாக்

நான் பயந்தது இதுக்குத்தான். 'கைமாற்று' எண்டு எழுதினது தெரியாமல் இல்லை. நாளைக்குக் கடன் எண்டு சொல்லிக் கழண்டு போறதுக்கு அண்டைக்கே வெட்டி வைச்ச வழி.

ஆனால் மனம் விட வேண்டாம். அந்த வட்ஸ்அப்பில வந்த வீசாப் படம் இருக்கெல்லே? கைமாத்து வாங்கின மனுசன் வீசாப் படம் ஏன் அனுப்புறார்? அதுவும் பொய் வீசா. கைமாற்றுத் தாளை விட அந்தப் படம் பெரிய சாட்சி. வொய்ஸ் மெசேஜில எங்கயாவது 'வீசாக் காசு', 'மெடிக்கல்', 'டிக்கட்' எண்டு வாய் விட்டிருந்தால் தங்கம். அழிக்கவே வேண்டாம். போனை விக்கவோ மாத்தவோ வேண்டாம். பேரப்பிள்ளையளிட்ட விளையாடக் குடுக்கவும் வேண்டாம்! பிரிண்ட் எடுக்கேக்க இலக்கமும் திகதியும் நேரமும் தெரிய எடுங்கோ, பெரிசாக்கி முகப்பை வெட்டாதேங்கோ. கடைக்காரர் வடிவுக்காக ஓரம் வெட்டிப் போட்டு, திகதி இல்லாத பிரிண்டோட ஆக்கள் வந்து நிக்கிறதைக் கண்டிருக்கிறன்.

முறைப்பாட்டிலயும் இந்தத் தாளை ஒளிக்க வேண்டாம். 'வீசாவுக்கெனக் கூறிப் பெற்ற பணத்துக்கு, கைமாற்று எனத் தானே எழுதித் தந்தார். எழுத்தின் பொருளை நான் கவனிக்கவில்லை' எண்டு நீங்களே முந்திச் சொல்லிப்போடுங்கோ. அவர் முந்தினால் கதை மாறும். அம்மாவை ஒருக்கா சட்டத்தரணியிட்டயும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ. வசதி இல்லையெண்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு.

ஸ்காபரோ வாசி

கனடாப் பக்கத்தால ஒரு கதை. நான் இருபாலை, இப்ப ஸ்காபரோ. பாங்கில வேலை இல்லை, ஆனால் சொந்தத்துக்குள்ள இதே மாதிரி ஒரு அலுவலுக்குத் துணைக்குப் போய் வந்தனான்.

முதலாவது, பாங்கால காசு அனுப்பினது மூத்தவர். கணக்கு அவருடையது. அம்மாவின்ர பேரில கடிதம் போனால் இவ ஆர் எண்டு கேட்டு ஒரு பக்கத்தில வைச்சிடுவினம். கடிதம் மூத்தவரின்ர பேரில, அவரின்ர கையொப்பத்தோட போக வேணும். அம்மாவின்ர பக்கத்தை ஒரு சத்தியக்கடதாசியாச் செய்து பின்னால இணைக்கலாம். அதைத் தங்கச்சி அங்கயே அடிச்சு, ஜே.பி. (சமாதான நீதவான்) ஒராளுக்கு முன்னால கையொப்பம் வைப்பிச்சு அனுப்பினால் போதும்.

ரெண்டாவது, சொல். இலங்கையில சீட்டிங் சட்டச் சொல் எண்டு கிளாக் அண்ணை சொன்னது சரி. இங்க அப்பிடியில்லை. கனடாக் குற்றவியல் சட்டத்தில 380ஆம் பிரிவு ஃப்ரோட், வினைச்சொல் 'டிஃப்ரோட்'. சீட் எண்டது 209ஆம் பிரிவில வருது, அது சூதாட்டத்தில கள்ள விளையாட்டு விளையாடுறது. அதால இங்க அலுவலகத்தில 'சீட்டட்' எண்டு சொன்னால் விளங்கும், ஆனால் காதில ஏறாது. 'ஃப்ரோட்' எண்டு சொன்ன உடனதான் வேற மேசைக்கு அனுப்பினவை. மூத்தவர் இங்கத்தைய பொலிசிலயும், கனேடிய மோசடித் தடுப்பு மையத்திலயும் பதிஞ்சு, அந்தப் பதிவிலக்கத்தைக் கடிதத்தில போட வேணும்.

உண்மையைச் சொல்லுறதெண்டால், தானே விரும்பி அனுப்பின காசை பாங்க் திருப்பி எடுத்துத் தாறது கஷ்டம், அதுவும் நாள் போயிருந்தால். அதுக்காகக் கடிதம் போடாமல் விடக்கூடாது. ஆனால் அம்மாவுக்கு அந்த ஆசையைக் காட்ட வேண்டாம்.

நல்லூர் பெடியன்

சேர், அப்ப சோதினையில பாத்து எழுதுறதுக்கு 'சீட் ஒன்' சரிதானே? யூடியூபில ஒரு அமெரிக்கன் சொல்லுறான், 'சீட்டட் ஒன் த டெஸ்ட்' எண்டு.

பழைய இங்கிலீஷ் வாத்தி

சரி. அமெரிக்கன் 'ஒன்' போடுவான், பிரித்தானியன் 'இன்' போடுவான். எங்கட பாடத்திட்டம் பிரித்தானியப் பக்கம், நீர் 'இன்' போடும். அதை விடப் பாத்து எழுதாமல் விடுறது சுகம்.

ஸ்காபரோ சொன்ன டிஃப்ரோட் பற்றி ஒண்டு. அது சீட்டை விட விறைப்பான சொல், வீட்டில கதைக்கிற சொல்லில்லை. பின்னால 'ஒஃப்' வரும்: 'டிஃப்ரோடட் மீ ஒஃப் மை சேவிங்ஸ்'. 'அவுட் ஒஃப்' சீட்டுக்கு, வெறும் 'ஒஃப்' டிஃப்ரோட்டுக்கு, 'இன்டு' டிசீவுக்கும் ஹுட்விங்குக்கும். பிள்ளை, இதையும் கண்ணாடிக்குக் கீழ வைச்சுக்கொள்ளும்.

ஒரு வசனத்துக்குள்ள ரெண்டு சொல்லையும் வைக்கலாம்: ஆள் செய்த வேலைக்கு டிசீவ், முடிவுக்கு டிஃப்ரோட். மூண்டாவது சொல்லுக்கு இடமில்லை.

தட்டச்சுக்கடை (கச்சேரியடி)

கடிதத்தை மூத்தவரின்ர பேருக்கு மாத்தி அடிச்சாச்சு. முக்கியமான வரி இப்பிடி: 'ஐ வாஸ் டிசீவ்ட் இன்டு சென்டிங் திஸ் மணி பை எ மேன் ஹூ க்ளெய்ம்ட் ஹீ குட் கெட் மை பிரதர் எ வொர்க் வீசா.' அதுக்குக் கீழ திகதி, தொகை, என்ன சொன்னவர், என்ன அனுப்பினவர் எண்டு ஒழுங்கா வருது. கடைசிப் பந்தியில 'டிஃப்ரோடட்' ஒருக்கா மட்டும். அம்மாவுக்குச் சத்தியக்கடதாசி தமிழில அடிச்சு, பக்கத்தில இங்கிலீஷும் அடிச்சிருக்கு. கைமாற்றுக் கதையை அதில முதலே சொல்லியாச்சு. வட்ஸ்அப் பிரிண்ட் எல்லாம் ஓரம் வெட்டாமல், இலக்கத்தோட. வொய்ஸ் மெசேஜில ஒண்டில ஆள் 'வீசாக் காசில மிச்சம் எப்ப வரும்' எண்டு கேட்டிருக்கு, கிளாக் அண்ணை! அதைத் தனிய ஒரு பென்டிரைவிலயும் ஏத்தி அம்மாவிட்டக் குடுத்திருக்கிறன்.

மூத்தவருக்கு முதல் நல்ல கோவம். தான் கனடாவில இருந்து எழுதின இங்கிலீஷைக் கச்சேரியடியில வெட்டிப்போட்டினம் எண்டு. ஸ்காபரோ வாசியின்ர பதிலை அப்பிடியே அனுப்பின பிறகு அடங்கிட்டார், கையொப்பம் வைச்சு ஸ்கேனும் அனுப்பியிருக்கிறார். ஆனால் விட்டபாடில்லை, முகப்புத்தகத்தில பெரிய எழுத்தில 'வீ வேர் ஹுட்விங்க்ட்' எண்டு போட்டிருக்கிறார். கீழ எங்கட ஊர்ச் சனம் முழுக்க வந்து 'ஆமென்' எண்டும் 'நல்லாச் சொன்னீங்கள்' எண்டும் எழுதியிருக்கு. ஒருத்தர் 'வாழ்த்துக்கள்' எண்டு போட்டிருக்கிறார். கனடாவில ஏதோ விருது கிடைச்சிட்டுதெண்டு நினைச்சிருப்பார் போல.

பழைய இங்கிலீஷ் வாத்தி

அங்க இருக்கட்டும், அது அந்தச் சொல்லுக்கு ஏத்த இடந்தான். நானும் போய்ப் பாத்தனான். ஹுட்டுக்கு ரெண்டு 'ஓ' வர வேணும், ஒண்டைத்தான் போட்டிருக்கிறார். திருத்தச் சொல்லும்.